டியூராக் குடும்பம்

அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறிய குத்தகை விவசாயக் குடும்பம். நியூ சவுத் வேல்ஸில் சிறு நிலத்தில் தொடங்கி, தென்மேற்கு குவீன்ஸ்லாந்திலும் பிறகு மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியிலும் மாட்டுப் பண்ணைகள் அமைத்தது. இரண்டாம் தலைமுறையில் இக்குடும்பம் பங்கு வகித்த நிறுவனத்தின் கையில் சுமார் 70 லட்சம் ஏக்கர் மேய்ச்சல் நிலம் இருந்தது. 1950இல் அது கைமாறியது.

இக்குடும்பத்தின் புகழில் பாதி, மேரி டியூராக் 1959இல் வெளியிட்ட 'கிங்ஸ் இன் கிராஸ் காசில்ஸ்' என்ற நூலால் வந்தது. குடும்பத்தின் மூலவராகக் கருதப்படும் பேட்ரிக் டியூராக்கின் பேத்தி அவர். கதை சொல்லத் தெரிந்த பேத்தி ஒருத்தி வாய்த்ததால்தான் பல குடியேறிக் குடும்பங்களுள் இது மட்டும் தனித்துத் தெரிகிறது. நூல் அருமையானது, ஆனால் அது குடும்பத்தார் பார்வை. ஆவணங்களையும், அந்த நிலத்தின் பழங்குடி மக்கள் சொல்வதையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் வரலாறு முழுமையாகும்.

கிளேரில்

பாட்சி என்று அழைக்கப்பட்ட பேட்ரிக் டியூராக், கிளேரின் கிழக்கே ஸ்காரிஃப் ஊர்ப்பக்கம் 1834இல் பிறந்தார். தந்தை மைக்கேல், தாய் பிரிட்ஜெட். அக்காலக் கத்தோலிக்க விவசாயிகளில் பெரும்பாலோரைப் போல இவர்களுக்கும் சொந்த நிலம் கிடையாது. நிலப்பிரபுவிடம் குத்தகைக்கு வாங்கிய துண்டு நிலத்தில் தானியமும் மாடும் குத்தகைப் பணத்துக்கு; உருளைக்கிழங்கு வயிற்றுக்கு. 1845இல் உருளைக்கிழங்கில் கருகல் நோய் விழுந்ததும் இந்த ஏற்பாடு அடியோடு சரிந்தது. 1841 கணக்கெடுப்பில் 80 லட்சத்தைத் தாண்டியிருந்த அயர்லாந்தின் மக்கள்தொகை, 1851இல் சுமார் 65 லட்சமாகக் குறைந்தது. ஏறத்தாழ 10 லட்சம் பேர் பசியிலும் காய்ச்சலிலும் மாண்டனர். அதற்குக் குறையாதவர்கள் கப்பல் ஏறினர்.

அமெரிக்கா பக்கம், கட்டணம் குறைவு. ஆஸ்திரேலியப் பயணமோ மாதக்கணக்கில் நீளும். ஆனால் கூலி ஆள் தேவைப்பட்ட காலனி அரசுகள் பயணச்செலவின் பெரும்பகுதியை ஏற்றன. முதலில் ஒருவர் போய்க் காலூன்றுவார், அடுத்து உறவினர் போவார். டியூராக்குகளிலும் அப்படித்தான்: பாட்சியின் சித்தப்பா டார்பி 1849இல் போனார்; மைக்கேலின் குடும்பம் 1853இல் பின்தொடர்ந்தது.

இந்தக் கட்டத்தில்தான் வம்சாவளி தேடுபவர்கள் தடுமாறுவார்கள். 1821 முதல் 1851 வரையான அயர்லாந்து மக்கள்தொகைக் கணக்கேடுகளில் பெரும்பாலானவை, 1922இல் டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் கட்டடம் உள்நாட்டுப் போரில் எரிந்தபோது சாம்பலாகிவிட்டன. அதற்கு மாற்றாகப் பயன்படுவது, வீடுவாரியாகக் குத்தகைதாரர் பெயரும் நிலப்பிரபு பெயரும் பதிந்த கிரிஃபித் நில மதிப்பீடு. ஆனால் கிளேர் மாவட்டத்துக்கு அது 1855இல்தான் முடிந்தது. 1853இல் ஊரை விட்டவர் பெயர் அதில் எப்படி இருக்கும்? மிஞ்சுபவை 1820களிலும் 1830களிலும் எடுத்த தசமபாக வரிப்பட்டியலும், கத்தோலிக்கப் பங்குத் தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளும். அப்பதிவேடுகளின் படங்களை அயர்லாந்து தேசிய நூலகம் 2015 முதல் இணையத்தில் இலவசமாகத் தருகிறது.

அடுத்த சிக்கல் பெயர். மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயர் வைப்பது அயர்லாந்து வழக்கம். பாட்சியின் மூத்த மகனும் மைக்கேல்தான். தலைமுறைதோறும் மைக்கேல், பேட்ரிக், ஜான், ஜெரமையா என்று இதே நான்கைந்து பெயர்கள் சுற்றி வரும். ஊரார் இதைப் பட்டப்பெயரால் சமாளித்தார்கள். பாட்சியின் தம்பி 'கட்டை மைக்கேல்'. சித்தப்பா மகன் 'நெட்டை மைக்கேல்'. இன்னொரு தம்பி 'கால்வே ஜெர்ரி'. இன்னும் ஒருவர் 'பெரிய ஜான்'. பட்டப்பெயர் தெரியாமல் ஆவணத்தை மட்டும் நம்பினால் சித்தப்பாவையும் அண்ணன் மகனையும் ஒரே ஆளாக்கிவிட வாய்ப்புண்டு.

கோல்பர்ன் முதல் கூப்பர் ஓடை வரை

வந்து இறங்கிய இரண்டே மாதத்தில் தந்தை மைக்கேல் விபத்தில் இறந்தார். தாயையும் தம்பி தங்கைகளையும் காக்கும் பொறுப்பு 19 வயது பாட்சியின் தலையில் விழுந்தது. அவர்களைக் கோல்பர்ன் ஊரில் விட்டுவிட்டு அவர் ஓவன்ஸ் தங்க வயலுக்குப் போனார். பதினெட்டு மாதத்தில் 1,000 பவுண்டுடன் திரும்பி, கோல்பர்ன் அருகே நிலம் வாங்கினார். கிளேரில் தலைமுறை தலைமுறையாகக் கிட்டாதது ஒன்றரை ஆண்டில் கிட்டியது. 1862இல் மேரி காஸ்டெல்லோவை மணந்தார். அவரும் அயர்லாந்துக் குடியேறிக் குடும்பத்துப் பெண்.

அதற்கு முந்தைய ஆண்டு வந்த ராபர்ட்சன் நிலச் சட்டம், ஏக்கருக்கு ஒரு பவுண்டு விலையில், கால் பங்கு முன்பணம் கட்டி, 40 முதல் 320 ஏக்கர் வரை எவரும் எடுக்கலாம் என்றது. சிறு விவசாயிக்கு இது போதும். மாடு வளர்க்க நினைத்தவருக்குப் போதாது. 1863இல் பாட்சியும் தம்பி மைக்கேலும் மைத்துனர் ஜான் காஸ்டெல்லோவும் 400 மாடுகளுடனும் 100 குதிரைகளுடனும் தென்மேற்கு குவீன்ஸ்லாந்தை நோக்கிக் கிளம்பினர். வறட்சியில் கால்நடைகள் மடிந்தன. மனிதர்கள் பிழைத்தது அப்பகுதிப் பழங்குடியினர் காப்பாற்றியதால்.

மீண்டும் 1868இல் போய், கூப்பர் ஓடையில் கலக்கும் கயாப்ரா ஓடைக்கரையில் தைலங்ரா பண்ணையை அமைத்தனர். நாடாய்வாளர்கள் பர்க்கும் வில்ஸும் பசியால் இறந்தது இதே கூப்பர் ஓடைக்கரையில்தான். அது நடந்து அப்போது ஏழு ஆண்டுதான் ஆகியிருந்தது. அடுத்த பத்தாண்டில் பாட்சியும் காஸ்டெல்லோவும் எல்லை குறித்துக் கோரிய நிலம் 17,000 சதுர மைல். அத்தனையையும் வைத்து ஆளவில்லை. பெரும்பகுதியின் உரிமையைப் பின்னால் வந்தவர்களுக்கு விற்றுக் காசாக்கினார்கள். நிலம் அரசுடையது, இவர்களிடம் இருந்தது மேய்ச்சல் குத்தகை. ஆக, குத்தகை விவசாயி மகன் குத்தகைதாரராகவே நீடித்தார், அளவுதான் மாறியது.

அந்த நிலம் பூந்தமரா மக்களின் வாழிடம் என்பதைக் குத்தகைப் பத்திரம் கணக்கில் எடுக்கவில்லை. அம்மக்களில் பலர் பண்ணை வேலைக்கு வந்தனர். பம்ப்கின் என்று பண்ணையில் அழைக்கப்பட்டவர் பாட்சியோடு கிம்பர்லிவரை சென்று, கடைசிவரை அங்கேயே உழைத்தார். குடும்ப வரலாற்றில் அவர் விசுவாசமான தோழராக வருகிறார்.

4,800 கிலோமீட்டர் மாட்டுப் பயணம்

1879இல் நில அளவையாளர் அலெக்சாண்டர் ஃபாரஸ்ட் கிம்பர்லியைச் சுற்றி அளந்து, ஆறுகளும் புல்வெளியும் நிறைந்த பகுதி என்று அறிக்கை தந்தார். வறட்சியில் அடிபட்ட பாட்சிக்கு, வற்றாத தண்ணீர் என்ற செய்தி போதுமானதாக இருந்தது. 1882இல் தம்பி கட்டை மைக்கேல் கப்பலில் கேம்பிரிட்ஜ் வளைகுடாவில் இறங்கி, ஆர்ட் ஆற்றுப் பகுதியை நேரில் பார்த்துவிட்டு வந்தார்.

1883 நடுவில் 7,250 மாடுகளும் 200 குதிரைகளும் நான்கு மந்தைகளாகக் கூப்பர் ஓடைப் பகுதியிலிருந்து கிளம்பின. வடக்கே கார்ப்பென்டரியா வளைகுடாப் பக்கம் ஏறி, வடக்குப் பிரதேசத்தைக் குறுக்கே கடந்து ஆர்ட் ஆற்றை அடைய வேண்டும்: 3,000 மைல், அதாவது 4,800 கிலோமீட்டர். தண்ணீரும் புல்லும் இருந்தால் மந்தை ஒரு நாளைக்கு எட்டுப் பத்து மைல் நகரும். இல்லையென்றால், இருக்கிற நீர்நிலையிலேயே மழை வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இரவில் மந்தையைச் சுற்றி முறைவைத்துக் குதிரையில் காவல் வருவார்கள். இடி இடித்தாலோ மரக்கிளை முறிந்தாலோ மிரண்டு ஓடும் மாடுகளைத் திரட்டுவதிலேயே மறுநாள் போய்விடும்.

இவை இறைச்சிக்கு விற்கும் காளைகள் அல்ல, புதுப் பண்ணையை நிரப்பப் போகும் பசுக்கள். வழியிலேயே கன்று போட்டன. பிறந்த கன்றால் மந்தையோடு நடக்க முடியாது. எனவே கொன்றுவிடுவது இத்தகைய பயணங்களில் வழக்கம். கன்றைத் தேடிப் பசு இரவில் வந்த வழியே திரும்பி ஓடும். அதை விடாமல் மறிப்பது காவல்காரரின் வேலை. வீரப் பயணமாகச் சொல்லப்படும் இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத பகுதி இது. வறட்சி, மாடுகளின் நுரையீரல் நோய், மனிதர்களுக்குக் காய்ச்சல் எல்லாம் தாண்டி 1885 செப்டம்பரில் ஆர்ட் ஆற்றை அடைந்தபோது இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருந்தது. மந்தையில் பாதி இல்லை. பாட்சி இந்தப் பயணத்தில் மாடு ஓட்டவில்லை. பணம் போட்டவர் அவர்.

கிம்பர்லியில்

கோல்பர்ன் அமைந்த ஆர்கைல் வட்டத்தின் பெயரையே ஆர்ட் ஆற்றுப் பண்ணைக்கு வைத்தார்கள். சுற்றிலும் லிசாடெல், ரோஸ்வுட், ஐவன்ஹோ என்று உறவினர் பண்ணைகள் எழுந்தன. லிசாடெல் என்பது அயர்லாந்தின் ஸ்லைகோவில் உள்ள ஒரு நிலப்பிரபு மாளிகையின் பெயர். குத்தகைதாரர் குடும்பம் இந்தப் பெயரைத் தேர்ந்ததில் சற்று வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது.

வந்த வேகத்தில் அதிர்ஷ்டமும் வந்தது. ஹால்ஸ் க்ரீக்கில் தங்கம் கிடைத்து 1886இல் ஆயிரக்கணக்கானோர் குவிந்தனர். மாட்டிறைச்சிக்கு வாசலிலேயே சந்தை. அது ஓரிரு ஆண்டில் ஓய்ந்தது. அதே 1886இல் பெரிய ஜான் ஈட்டி எறிந்து கொல்லப்பட்டார். 1901இல் கால்வே ஜெர்ரி ரோஸ்வுட்டில் பழங்குடி இளைஞர்களால் கொல்லப்பட்டார். இவ்விரு மரணங்களும் பெயரோடும் தேதியோடும் பதிவாகியுள்ளன. கிழக்குக் கிம்பர்லியில் காவலர்களும் குடியேறிகளும் சுட்டுக் கொன்ற பழங்குடியினரில் மிகப்பலருக்குப் பெயரும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. அப்பகுதியின் மிரியுவுங், கஜெராங் மக்களின் வாய்மொழி நினைவுகளில்தான் அந்தக் கொலைகள் தங்கியுள்ளன.

1889 வாக்கில் குவீன்ஸ்லாந்தில் பாட்சியின் முதலீடுகள் மூழ்கின. ஆர்கைல் மகன்கள் பெயரில் இருந்ததால் தப்பியது. தைலங்ராவை ஆண்டவர் மகன்களின் பண்ணையில் வேலை பார்க்கும் நிலைக்கு வந்தார். மனைவி மேரி 1893இல் ஆர்கைலில் மலேரியாவுக்குப் பலியானார். பாட்சி 1898 ஜனவரியில் ஃப்ரீமாண்டில் நகரில் இறந்தார்.

மூத்த மகன் மைக்கேல் பேட்ரிக் டியூராக், 1897இல் கானர், டோஹர்ட்டி என்ற இரு வணிகர்களுடன் கூட்டுச் சேர்ந்தார். மாடுகளைக் கப்பலில் ஏற்றி ஃப்ரீமாண்டிலுக்கு அனுப்பித் தங்க வயல்களுக்கு விற்ற இந்நிறுவனம் வளர்ந்தாலும், தூரமும் உண்ணி நோய்க் கட்டுப்பாடும் கடனும் அதை விட்டதில்லை. அவர் 1917 முதல் 1924 வரை மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார். பண்ணைகள் ஓடியது பழங்குடித் தொழிலாளர் உழைப்பில். கூலி என்பது பெரும்பாலும் ரொட்டிமாவு, தேயிலை, துணி, புகையிலை. அண்டை வடக்குப் பிரதேசத்தில் இத்தகைய தொழிலாளருக்குச் சமஊதியம் தரவேண்டும் என்ற தீர்ப்பு வந்தது 1966இல். டியூராக்குகள் பண்ணையை விற்று 16 ஆண்டுகளுக்குப் பிறகு.

1939இல் ஐசக் ஸ்டைன்பெர்க் என்பவர் பெர்த்துக்கு வந்தார். ஐரோப்பாவில் நாஜிகளிடம் சிக்கிய யூத அகதிகளைக் குடியமர்த்த இந்நிறுவனத்தின் 70 லட்சம் ஏக்கரை வாங்குவது அவருடைய ஃப்ரீலாந்து லீக் என்ற யூத அமைப்பின் திட்டம். நிறுவனத்தார் விற்க ஆயத்தமாக இருந்தனர். மாநில அரசும் எதிர்க்கவில்லை. 1944இல் பிரதமர் ஜான் கர்ட்டின் மறுத்துவிட்டார். பஞ்சத்தில் தப்பி வந்தவர்களின் நிலம், இனப்படுகொலைக்குத் தப்பியோருக்குப் போய்ச் சேரவில்லை.

பிற்காலம்

1950இல் பண்ணைகள் விற்கப்பட்டன. அதே ஆண்டு மைக்கேல் பேட்ரிக் இறந்தார். அவர் பிள்ளைகளில் மேரி எழுத்தாளர், எலிசபெத் ஓவியர். எலிசபெத், எடி பர்ரப் என்ற பழங்குடி ஆணின் பெயரில் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தது 1997இல் தெரியவந்து பெரும் கண்டனத்துக்கு உள்ளானார். கிம்பர்லி டியூராக் வேளாண் அறிஞர். 1941இல் ஆர்ட் ஆற்றங்கரையில் அவர் தொடங்கிய பயிர்ச் சோதனைகள் அங்கு பாசனத் திட்டம் வர வழிவகுத்தன. அத்திட்டத்தின் பெரிய அணை 1972இல் திறக்கப்பட்டது. ஆர்கைல் ஏரி என்று பெயர்பெற்ற நீர்த்தேக்கம் அவர் குடும்பத்தின் ஆர்கைல் வீட்டையே மூழ்கடித்தது. கற்களை எண்ணிட்டுப் பிரித்து, மேட்டுநிலத்தில் மீண்டும் கட்டிய வீடு 1979 முதல் அருங்காட்சியகமாக உள்ளது. மூழ்கிய மற்றவற்றில் மிரியுவுங் மக்களின் புனிதத் தலங்களும் அடக்கம். அவற்றைப் பெயர்த்து வைக்க வழியில்லை.

மிரியுவுங், கஜெராங் மக்கள் தொடுத்த நில உரிமை வழக்கில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. மேய்ச்சல் குத்தகை என்பது நிலத்தை முழுதாகக் கையளிப்பதல்ல. அதனால் பழங்குடியினரின் பூர்விக உரிமை முற்றாக அழிந்துவிடாது என்றது நீதிமன்றம். 2003இல் அவ்வுரிமை பல பகுதிகளில் முறைப்படி அங்கீகரிக்கப்பட்டது. 2005இல் மாநில அரசு அம்மக்களுடன் ஆர்ட் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது.