மேற்றிராணியார் முதல் பேராயர் வரை

பழைய கத்தோலிக்க நூல்களைப் புரட்டுவோர் பிஷப்பைக் குறிக்கும் ‘மேற்றிராணியார்’ என்ற சொல்லைக் காணாமல் இருக்க முடியாது. மேல், திராணி எனப் பிரித்து, மேலான வலிமையுடையவர் என்று பொருள்கொள்ளத் தோன்றும். மேல் திசை மேற்றிசை ஆவதுபோலப் புணர்ச்சி விதியும் அதற்கு இடங்கொடுக்கிறது. ஆனால் சொல் தமிழில் பிறந்ததன்று. தலைநகரத்துத் தலைமைக் குருவைக் குறித்த கிரேக்கச் சொல் சிரியாக்கு மொழியில் குறுகி, கேரளத்துச் சிரியக் கிறிஸ்தவரிடம் ‘மெத்ரான்’ என வழங்கியது. தமிழில் மரியாதை விகுதியும் பெற்று மேற்றிராணியார் ஆயிற்று.

புதிய ஏற்பாட்டில் இப்பதவிக்குரிய மூலச்சொல் வேறு. ‘எபிஸ்கோபொஸ்’ என்றால் மேற்பார்ப்பவர். அதற்கு நேரான தமிழ்ச்சொல் கண்காணி. சோழர் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்த்தவர்களை இச்சொல் குறிக்கிறது. பழைய தமிழ் வேதாகமமும் இதையே ஆண்டது. ஆனால் இலங்கை, மலேயாத் தோட்டங்களில் கண்காணி என்பவர் கூலியாட்களைத் திரட்டிக் கொண்டுபோய் வேலைவாங்கியவர். அந்த நினைவு ஒட்டிய சொல்லால் சபைத் தலைவரை அழைக்க யாருக்கு மனம் வரும்? ஆங்கிலிக்கர் ‘அத்தியட்சர்’ என்றனர். அந்த வடசொல்லுக்குள்ளும் இருப்பது கண்தான். நெல்லைச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சரானார்.

இன்று கத்தோலிக்கர் சொல்வது ‘ஆயர்’. ஆ என்றால் பசு. திருச்சபையின் உவமையோ ஆடும் மேய்ப்பனும். இச்சொல் பொருந்துமா எனக் கேட்போருக்கு முல்லைக்கலியில் விடை இருக்கிறது. பசு மேய்ப்போர் கோவினத்து ஆயர், ஆடு மேய்ப்போர் புல்லினத்து ஆயர் என அங்கே ஆயருக்குள்ளேயே பிரிவு உண்டு. ஆகவே இது வலிந்து பொருத்திய சொல் அன்று. ஆயர் கையில் ஏந்தும் வளைந்த கோலும் மேய்ப்பன் கோல்தான். அதிகாரத்தைக் கண்ணிலிருந்து மேய்ச்சலுக்குக் கொண்டுவந்த இச்சொல்லே எல்லாவற்றிலும் சிறந்தது என்பேன். ஈழத்தில் ஆயரின் பெயரோடு ‘ஆண்டகை’ என்று சேர்த்து எழுதும் வழக்கமும் அழகானது.

சிக்கல் ‘பேராயர்’ என்பதில் இருக்கிறது. கத்தோலிக்கருக்கு அவர் உயர்மறைமாவட்டத்தின் தலைவர், ஆயரைவிட ஒரு படி மேல். 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையிலோ ஒவ்வொரு திருமண்டலத்தின் தலைவரும் பேராயர்தான். அங்கே ‘ஆயர்’ என்பது சபையை நடத்தும் குருவைக் குறிக்கும். சில மண்டலங்கள் ‘பேராயம்’ என்றே பெயர் கொண்டிருப்பதால், பேராயத்தின் தலைவர் பேராயர் என்றும் பொருள் கொள்ளலாம். விளைவு, ‘சென்னைப் பேராயர்’ என்று மட்டும் அச்சிட்டால், சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்துத் தலைவரா, தென்னிந்தியத் திருச்சபையின் சென்னைத் திருமண்டலத் தலைவரா என்று வெளியூர் வாசகர் திகைப்பார்.

இரண்டு வழக்குமே வேரூன்றிவிட்டன. எதையும் மாற்றச் சொல்வது முறையன்று. மலர் தொகுப்போரும் செய்தி எழுதுவோரும் பதவிப் பெயரோடு திருச்சபையின் பெயரையும் தவறாமல் சேர்த்து எழுதுங்கள்.