துணைக்குடியிருப்பும் நகர விதிகளும்: கலிபோர்னியாவின் நாற்பதாண்டு அனுபவம்

முன்னுரை

ஒரே மனையில் பெரிய வீடும் அதன் பின்புறத்தே ஒரு சிறு வீடும் அமைவது அமெரிக்க நகரங்களுக்குப் புதியதன்று. முதிய பெற்றோர், புதுமணத் தம்பதியர், வாடகைக்குக் குடியிருப்போர் ஆகியோருக்கு இடமளித்த இச்சிறு வீட்டைச் சட்டம் இன்று துணைக்குடியிருப்பு என வழங்குகிறது. விதிகளால் விலக்கப்பட்ட இவ்வீடு பின்னர் விதிகளாலேயே மீட்கப்பட்ட வரலாற்றைக் கலிபோர்னியா மாநிலத்தை முன்னிறுத்தி நாம் இங்கு ஆராய்கிறோம். சட்டம் அனுமதித்த ஒன்றை நிபந்தனைகள் தடுத்துவிட முடியும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.

தடை தோன்றிய விதம்

ஒரு மனைக்கு ஒரு குடும்பமே என்னும் மண்டல விதியை 1916-ஆம் ஆண்டில் பெர்க்லி நகரம் கொண்டுவந்தது. மறு ஆண்டில், இன அடிப்படையில் குடியிருப்புகளைப் பிரிக்கும் நகரச் சட்டங்கள் செல்லா என அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும், வீட்டின் வகையைக் கொண்டு பிரிக்கும் வழி திறந்தே இருந்தது. 1926-ஆம் ஆண்டு யூக்ளிட் வழக்கில் அந்நீதிமன்றம் மண்டல விதிகளை ஏற்றதோடு, தனிவீட்டுப் பகுதியில் எழும் அடுக்குமாடிக் கட்டடத்தை ஒட்டுண்ணிக்கும் ஒப்பிட்டது. தனிவீடு வாங்க இயலாத எளியோர், பெயர் சுட்டப்படாமலே இப்பகுதிகளிலிருந்து விலக்கப்பட்டனர் எனலாம்.

விதிகள் மாறிய படிநிலைகள்

1982-ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் இரண்டாம் வீட்டுக்கு இடமளித்தது. ஆயினும் விதிகளை இயற்றும் பொறுப்பு நகரங்களிடமே இருந்தது. அவற்றுட் பல, பரந்த மனை, கூடுதல் வாகன நிறுத்துமிடம், உரிமையாளர் அங்கேயே வசித்தல், அண்டை வீட்டார் எதிர்ப்புரைக்கும் பொது விசாரணை முதலிய நிபந்தனைகளை விதித்தன. 2002-இல் இயற்றப்பட்ட சட்டம் பொது விசாரணையை நீக்கியது. ஏனைய தடைகள் எஞ்சின.

2016-இல் நிறைவேறிய சட்டங்கள், பொதுப் போக்குவரத்துக்கு அரை மைல் தொலைவிற்குள் உள்ள துணைக்குடியிருப்புக்கு வாகன நிறுத்துமிடம் கோரலாகாது என்றன. 2019-ஆம் ஆண்டுச் சட்டங்கள் மேலும் முன்சென்றன. குறைந்தபட்ச மனையளவு விதிக்கும் அதிகாரம் நகரங்களிடமிருந்து பறிக்கப்பட்டது. முழுமையான விண்ணப்பத்துக்கு 60 நாள்களில் முடிவு கூறவேண்டும் என்றானது. 750 சதுர அடிக்குக் குறைந்த வீடுகளுக்கு வளர்ச்சித் தாக்கக் கட்டணம் விலக்கப்பட்டது. உரிமையாளர் அங்கேயே வசிக்கவேண்டும் என்ற நிபந்தனை முதலில் தற்காலிகமாகவும், 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலையாகவும் நீங்கியது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் 20,000-க்கும் மேற்பட்ட துணைக்குடியிருப்புகளுக்கு அனுமதி வழங்கப்பட்டது. 1982-இல் தோன்றிய உரிமை, நிபந்தனைகள் ஒவ்வொன்றாகக் களையப்பட்ட பின்னரே பயன் தந்தது.

சிங்கப்பூர் ஒப்பீடு

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் மூன்று தலைமுறையினர் ஒருங்கே வாழ்வதற்கான வீடுகளை 2013-இல் அறிமுகப்படுத்தியது. அங்கு வீட்டைக் கட்டுவதும் தகுதி விதிகளை வகுப்பதும் ஒரே அமைப்பு. ஆதலின் ஒரு முடிவே போதுமானதாயிற்று. கலிபோர்னியாவிலோ ஏறத்தாழ 480 நகரங்கள் தத்தம் விதிகளை வகுக்கின்றன. கட்டுபவரோ தனி வீட்டுரிமையாளர். எனவேதான் உள்ளூர் விதியின் ஒவ்வொரு வரியும் அங்கு ஒரு குடும்பத்தின் வாழ்விடத்தைத் தீர்மானிக்கிறது.

முடிவுரை

இச்சீர்திருத்தத்தின் பயன் முதலில் நிலமுடையோரையே சேர்கிறது என்பதை நாம் மறத்தற்கில்லை. துணைக்குடியிருப்பைத் தனியே விற்க வழிசெய்யும் 2023-ஆம் ஆண்டுச் சட்டம் நிலமற்றோருக்கும் உடைமை வாய்ப்பைத் தரக்கூடும். ஆனால், அதனை ஏற்பதும் விடுப்பதும் நகரங்களின் விருப்பமே. 2024-இல் சான் ஹோசே நகரம் அதனை முதலாவதாக ஏற்றது. நகரங்களின் விருப்பத்துக்கு விடப்பட்ட 1982-ஆம் ஆண்டுச் சட்டம் பயன் தர நீண்ட காலமாயிற்று என்பதை நோக்க, ஏனைய நகரங்கள் எத்தகைய நிபந்தனைகளை விதிக்கப்போகின்றன என்பதே இனி ஆராயத்தக்கதாகும்.