ஆட்டக்காரரின் பின்னால் போகிறவர்கள்

கூடைப்பந்து பார்க்கும் மருமகன் ஒருவன் எனக்கு உண்டு. அவனுக்கென்று ஓர் அணி கிடையாது. லெப்ரான் ஜேம்ஸ் 2010இல் கிளீவ்லாந்தை விட்டு மயாமிக்குப் போனபோது அவனும் கூடவே போனான். 2014இல் அவர் திரும்பியபோது திரும்பினான். 2018இல் லாஸ் ஏஞ்சல்ஸ்காரனாகவும் ஆகிவிட்டான். இதைக் கொள்கையற்ற ரசனை என்று அவனுடைய நண்பர்கள் கேலி செய்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் நாடகம் பார்த்து வளர்ந்த யாருக்கும் அப்படித் தோன்றாது.

அங்கே திருவிழாவுக்கு நடப்பது ஸ்பெஷல் நாடகம். அதற்குக் கம்பெனி இல்லை, முதலாளி இல்லை, ஒத்திகையும் இல்லை. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், பபூன் இன்னோர் ஊர். ஆர்மோனியமும் மிருதங்கமும் அவ்வாறே. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி, தனித்தனியாக முன்பணம் கொடுத்து அழைக்கிறார்கள். இரவு பத்து மணிக்கு மேடையில் சேர்கிறவர்கள் விடிந்ததும் பிரிந்துவிடுகிறார்கள். அதே சேர்க்கை மறுபடி அமையும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ரசிகன் அணியைப் பின்பற்ற நினைத்தாலும், பின்பற்றுவதற்கு அணி என்ற ஒன்று அங்கே கிடையாது.

என் பெரியப்பா, பக்கத்து ஊரில் நாடகம் என்று கேள்விப்பட்டால், என்ன நாடகம் என்று கேட்கமாட்டார். பெரும்பாலும் ‘வள்ளி திருமணம்’தான், அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? “நாரதர் யாரு? வள்ளி யாரு?” என்பார். தினைப்புனத்தில் நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்தில் அவரவர் சொந்தச் சரக்கைத்தான் இறக்க வேண்டும். இன்னாருக்கு இன்னார் ஈடுகொடுப்பாரா என்று பார்க்கத்தான் பத்து மைல் நடந்து போவார்கள். சுவரில் ஒட்டிய நோட்டீசிலும் நாடகத்தின் பெயரைவிட நடிகர்களின் படங்களுக்கே இடம் அதிகம்.

இந்த ஏற்பாட்டுக்கு அடித்தளம் அமைத்தவர், வேடிக்கையாக, கம்பெனி நடத்திய ஒருவர். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) பெரிய நடிகர்கள் கட்டுக்கு அடங்காததால் சிறுவர்களைத் திரட்டிப் பயிற்றுவித்தவர் என்பார்கள். 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய பாலர் சபையில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் சேர்ந்தார்கள். ஆனால் அவர் எழுதிய பாட்டும் வசனமும் தென்மாவட்ட நடிகர்கள் அனைவருக்கும் மனப்பாடமான பிறகு, கம்பெனியே தேவையற்றுப் போயிற்று. முன்பின் பார்த்திராத இருவர் மேடையில் நேருக்கு நேர் நின்று தடுமாறாமல் ஆட முடிந்தது. விதிகள் எல்லோருக்கும் பொதுவானால் ஆட்டக்காரர் எங்கும் ஆடலாம். ஒழுங்குக்காக அவர் எழுதியதே நடிகர்களை அவிழ்த்துவிட்டது.

எஸ்.ஜி. கிட்டப்பா – கே.பி. சுந்தராம்பாள் இணையின் புகழ் எல்லோரும் அறிந்தது. அதை மறுபடி விரிக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கத்துக்கு நெருக்கமானவர் விசுவநாததாஸ். 1886இல் சிவகாசியில், மருத்துவர் என்றும் அழைக்கப்படும் நாவிதர் குலத்தில் பிறந்தவர். முருகனாக வேடமிட்டு வந்து தேச விடுதலைப் பாட்டுப் பாடுவார். மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய கொக்குப் பாட்டில் வரும் வெள்ளைக் கொக்கு யார் என்பது கூட்டத்துக்கும் தெரியும், காத்திருக்கும் போலீசுக்கும் தெரியும். பலமுறை சிறை சென்றார். சாதி காரணமாக அவருடன் நடிக்க மறுத்தவர்களும் உண்டு. துணிந்து இணைந்து நடித்தவர்களும் உண்டு. கம்பெனி நடிகராக இருந்திருந்தால், உரிமத்துக்கு அஞ்சிய முதலாளி அவர் வாயை அடைத்திருப்பார் என்று நினைக்கிறேன். தனி ஆளாக இருந்ததால் பாட முடிந்தது. தனி ஆளாக இருந்ததால்தான் கடனையும் சிறையையும் தனியாகவே சுமந்தார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், ‘வள்ளி திருமணம்’ மேடையில், மயில்மேல் முருகனாக அமர்ந்த நிலையில் அவர் உயிர் பிரிந்தது.

ஆட்டக்காரரைப் பின்பற்றும் ரசிகன் இந்தச் சுமையில் எவ்வளவு பங்கு எடுத்துக்கொள்கிறான்? வானம் பார்த்த பூமியில் பருத்தியும் மிளகாயும் வீடு வந்த பிறகு, தலைக்கட்டு வரி பிரித்து, பங்குனி, சித்திரையில் நாடகம் வைப்பார்கள். ஐப்பசி மழை பொய்த்தால் முதலில் குறைவது நாடகச் செலவு. நாடகமில்லாத மாதங்களில் அந்த ராஜபார்ட் என்ன சாப்பிடுகிறார் என்று பெரியப்பாவும் கேட்டதில்லை. பெண் கலைஞர்களின் நிலை இன்னும் கடினம். சூசன் சைசர் இக்கலைஞர்களிடையே தங்கி ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட நூலின் மையமே அவர்கள் மீது சுமத்தப்பட்ட இழிவுதான். இரவில் ஊரே கொண்டாடும் நடிகை, பகலில் குடும்பப் பெண்ணாகத் தெரிய எத்தனை கவனம் எடுக்க வேண்டியிருந்தது என்பதை அவர் விரிவாக எழுதுகிறார்.

சிறுவயதில் ஒரு விடியலில் நானும் பெரியப்பாவும் நாடகம் பார்த்துவிட்டு அருப்புக்கோட்டை பேருந்து நிலையத்தில் நின்றோம். இரவு முழுக்க வள்ளியாக நின்ற அம்மாள், முகத்தில் அரிதாரத்தின் மிச்சத்தோடு, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியபடி மதுரைப் பேருந்துக்காகக் காத்திருந்தார். அவர் பாட்டைக் கேட்கப் பெரியப்பா எத்தனையோ ஊருக்கு நடந்தவர். “பெரியப்பா, வள்ளி!” என்றேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்து, டீக்கடைப் பக்கம் திருப்பிக்கொண்டு போனார்.