விசைத்தறிக் கூடங்களில் செவிப் பாதுகாப்பு

தறி இரைச்சலால் நெசவாளர் செவித்திறனை இழக்காமல் காக்கும் ஏற்பாடுகளே விசைத்தறித் தொழிலில் செவிப் பாதுகாப்பு எனப்படுகின்றன. தமிழ்நாட்டில் சோமனூர், பல்லடம், ஈரோடு, குமாரபாளையம் வட்டாரங்களில் இத்தொழில் செறிந்துள்ளது.

நாடாத் தறியில் ஒரு மரக்கோல், ஊடை நூலைச் சுமக்கும் நாடாவை அடித்து எறிகிறது. அது பாவு நூல்களைக் கடந்து எதிர்ப்பெட்டியில் மோதி நிற்கிறது. நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் இந்த மோதல் நடக்கும். பல தறிகள் சேர்ந்து ஓடும்போது தகரக் கூரையும் வெறுஞ்சுவரும் ஒலியைத் திருப்பியடிக்க, கூடத்தின் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டுகிறது. கருவி இல்லாமலும் இதை ஓரளவு அறியலாம்: கையெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் இரைச்சல் 85 டெசிபலை எட்டிவிட்டது என்று கொள்ளலாம்.

உட்செவியின் காக்ளியாவில் காதுக்கு ஏறத்தாழ 15,000 மயிர்ச் செல்கள் உள்ளன. இரைச்சலால் அழிந்த செல் மீண்டும் முளைப்பதில்லை. முதலில் கெடுவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர் சுருதிப் பகுதி. அதனால் தொடக்கத்தில் காது மந்தம் என்று யாருக்கும் தோன்றாது. பேச்சுச் சத்தம் கேட்கும், சொல் மட்டும் தெளியாது. குறிப்பாகச் சகர, தகர ஒலிகள் நழுவும். ஷிப்டு முடிந்ததும் காது அடைத்து ‘கொய்ங்’ என்று ஒலித்து, விடிந்ததும் சரியாகிவிட்டால் பலரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அதுவே முதல் எச்சரிக்கை.

இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பை, அரசுக்கு அறிவிக்கவேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. அதன்கீழ் வந்த விதிகள் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபலை வரம்பாக்கின. 95 என்றால் 4 மணி நேரம், 100 என்றால் 2 மணி நேரம். அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைப்பதோ 85. டெசிபல் மடக்கை அளவு என்பதால் இந்த 5 டெசிபல் இடைவெளி சிறியதல்ல. 3 டெசிபல் கூடினாலே ஒலியாற்றல் இரட்டிப்பாகிவிடும்.

பாதுகாப்பு இயந்திரத்திலிருந்தே தொடங்க வேண்டும். தேய்ந்த பாகங்களை மாற்றுவது, தறியின் அடியில் ரப்பர்த் திண்டு வைப்பது, கூரையிலும் சுவரிலும் ஒலியுறிஞ்சும் பலகை பொருத்துவது, பாவு பிணைக்கும் வேலையைத் தனி அறைக்கு மாற்றுவது ஆகியவை உதவும். நாடா இல்லாத தறி வந்தால் தீரும் என்பது முழு உண்மையல்ல. நாடாவுக்குப் பதில் காற்றைப் பயன்படுத்தும் காற்றுத் தறியும் இரைச்சலிடும்.

காதடைப்பானும் காதுறையும் கடைசிக் காப்பு. பஞ்சை அடைப்பது காப்பாகாது. 30 டெசிபல் தடுக்கும் காதுறையை வேலை நேரத்தில் பாதிக்குக் கழற்றிவைத்தால், மொத்தத்தில் மிஞ்சுவது 3 டெசிபல் பாதுகாப்புதான். புழுக்கத்தில் கழற்றத் தோன்றுவது இயல்பு. அதை நெசவாளரின் அலட்சியம் என்று சொல்லி முதலாளி ஒதுங்குவது நியாயமல்ல.

வேலையில் சேரும்போதும் பின்னர் ஆண்டுதோறும் செவித்திறன் சோதனை செய்து பதிவு வைக்க வேண்டும். இரைச்சலால் வந்த இழப்புக்கு 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தில் இடமிருந்தது. தொடக்கநிலைப் பதிவு இல்லாதவருக்கு, இழப்பு வேலையால் வந்ததென்று நிறுவுவது கடினம்.

மேற்சொன்ன இரைச்சல் விதிகள் தொழிற்சாலைகளுக்கே உரியவை. ஆனால் 1948 சட்டம், மின்விசையால் இயங்கும் இடத்தில் 10 பேராவது வேலை செய்தால்தான் அதைத் தொழிற்சாலை என்றது. 2020ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதை 20 ஆக உயர்த்தியது. ஆறேழு பேர் தறி ஓட்டும் கூடம் இரண்டு கணக்கிலும் தொழிற்சாலை ஆகாது.