வங்கி பெயரில் வரும் மின்னஞ்சல்: போலி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெட்டாலிங் ஜெயா: "உங்க கணக்கு முடக்கப்பட்டுள்ளது. 24 மணி நேரத்துக்குள் இந்த லிங்க்கைத் தட்டிச் சரிபார்க்கவும்."

மேபேங்க், சி.ஐ.எம்.பி போன்ற வங்கிகளின் பெயரில் இப்படி ஒரு மின்னஞ்சல் வந்தால் யாருக்கும் பதற்றம் வரும். மோசடிக்காரர்கள் நம்பியிருப்பதும் அந்தப் பதற்றத்தைத்தான்.

முன்பெல்லாம் எழுத்துப் பிழையை வைத்தே போலியைப் பிடித்துவிடலாம். இப்போது மலாயோ ஆங்கிலமோ, பிழையில்லாமலே வருகிறது. வங்கியின் லோகோவும் அச்சு அசலாக இருக்கும்.

அனுப்புநர் பெயரை யார் வேண்டுமானாலும் எப்படியும் வைத்துக்கொள்ளலாம். கைப்பேசியில் பெரும்பாலும் அந்தப் பெயர் மட்டுமே தெரியும். அதைத் தட்டினால்தான் முழு முகவரி வரும். (அந்த முகவரியையும் சில நேரம் போலியாக்க முடியும்.)

லிங்க்கில் தொடக்கத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 'மேபேங்க்டூயூ' என்ற சொல்லை முன்னால் ஒட்டுவது சுலபம். 'காம்', 'எம்ஒய்' போன்றவை முடிந்து முதல் ஒற்றைச் சாய்கோடு வருமே, அதற்குச் சற்று முன்னால் இருப்பதுதான் உண்மையான முகவரி. அங்கே 'மேபேங்க்டூயூ டாட் காம் டாட் எம்ஒய்' என்று இல்லையென்றால், அதை மேபேங்க்டூயூ தளம் என்று நம்பாதீர்கள்.

மேபேங்க்டூயூவில் பாஸ்வேர்டு கேட்கும் முன், நீங்கள் தேர்ந்தெடுத்த பாதுகாப்புப் படம் காட்டப்படும். படம் மாறியிருந்தால் உடனே வெளியேறுங்கள். சரியான படம் வந்தாலும் நம்பிவிட முடியாது. நீங்கள் போலித் தளத்தில் தட்டிய பயனர் பெயரை அசல் தளத்தில் போட்டு, அதே படத்தை அவர்களும் எடுத்துக் காட்டலாம். அதனால் லிங்க்கைத் தொடாமல், வங்கிச் செயலியை நீங்களே திறந்து பார்ப்பதுதான் நல்லது.

எஸ்.எம்.எஸ் வழி வரும் ஓ.டி.பி-யைக் கைவிட்டு, மேலும் பாதுகாப்பான முறைக்கு மாறும்படி 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா வங்கிகளுக்குச் சொன்னது. அதன் பிறகு செயலியிலேயே 'அனுமதி' தருகிறோம். இதிலும் ஒரு சிக்கல்: வாசிக்காமலே தட்டிவிடுகிறோம். நீங்கள் தொடங்காத பரிவர்த்தனைக்கு அனுமதி கேட்டால், மறுத்துவிடுங்கள். வீட்டில் அப்பா, அம்மாவுக்கு இதை ஒருமுறை காட்டிக்கொடுங்கள். பணிஓய்வுப் பணம் பெரும்பாலும் அவர்கள் கணக்கில்தான் இருக்கிறது.

ஏற்கெனவே விவரங்களைக் கொடுத்துவிட்டீர்களா? வெட்கப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள். பணம் ஒரு மியூல் கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு நிமிடங்களில் தாவிவிடும். வங்கிச் செயலியில் உள்ள 'கில் ஸ்விட்ச்' மூலம் இணைய வங்கிச் சேவையை நீங்களே முடக்கலாம். பணம் போயிருந்தால் உடனே வங்கியின் அவசர எண்ணையோ, தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணையோ அழையுங்கள். பிறகு போலீஸ் புகார் செய்யுங்கள். வங்கியின் எண்ணை அந்த மின்னஞ்சலில் தேடாதீர்கள், உங்கள் ஏ.டி.எம் கார்டின் பின்புறத்தில் இருக்கும்.