ஐஸ் பெட்டியில் போன சீரம்

எய்ட்ஸ் வெள்ளைக்காரன் நோய், நமக்கு வராது என்று மார்தட்டிய காலம் அது. பேராசிரியை சுனிதி சாலமன் கேட்கவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் அவரது மாணவி நிர்மலா, பாலியல் தொழிலாளிகளிடம் கையுறைகூட இல்லாமல் ரத்தம் எடுத்தார். பிரித்த சீரம் இருந்தது வீட்டு ஃபிரிட்ஜில்! (இட்லி மாவுக்குப் பக்கத்திலா என்று கேட்காதீர்கள்.)

சோதிக்க இங்கே வசதியில்லை. 1986 பிப்ரவரியில் ஐஸ் பெட்டியோடு நிர்மலாவும் கணவரும் இரவு ரயிலேறிக் காட்பாடியில் இறங்கினார்கள். வேலூர் சி.எம்.சி. ஆய்வகத்தில் எலிசா தட்டின் மூடியைத் திறந்தால், ஆறு குழிகள் மஞ்சள். திரும்பச் செய்தார்கள், அதே மஞ்சள். அமெரிக்காவில் செய்த சோதனையும் அதையே சொன்னது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் தெரிந்தது.

நிர்மலாவா? பரீட்சை எழுதித் தேறி, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் வேலைக்குச் சேர்ந்தார்.