கோட்டிலிருந்து மண் ஓரம்வரை: தானியங்கி காரின் சாலைப் பார்வை, 1987–2019

ஆற்காட்டிலிருந்து கலவைக்கு வண்டி ஓட்டுகிறவர் தார் எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பதில்லை. எதிரே பஸ் வந்தால் ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்குவார். பாதிச் சாலையில் நெல் காய்ந்தால் மீதிப் பாதியில் போவார். இந்த முடிவை இயந்திரம் எடுக்க வேண்டுமானால், அது எதைச் சாலை என்று கொள்வது? தானியங்கி காரின் பார்வையை வளர்த்ததில் கருவிகளுக்கு இணையான பங்கு, அது பழகிய சாலைகளுக்கும் உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கோடு

ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் டிக்மான்ஸ் குழுவின் கேமரா வேன் 1987இல், போக்குவரத்து இல்லாத ஆட்டோபானில் மணிக்கு 90 கி.மீ.க்கு மேல் ஓடியது. அன்றைய கணினிகளால் முழுப் படத்தையும் அலச இயலவில்லை. சாலை விளிம்பு இருக்கக்கூடிய சிறு பகுதிகளில் மட்டும் அவை தேடின. நெடுஞ்சாலை வளைவு சீராகத்தான் திரும்பும் என்ற கட்டுமான விதி அந்தத் தேடலுக்குக் கைகொடுத்தது.

அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1979இல் தொடங்கிய ரோபாட்டிக்ஸ் நிறுவனத்தின் முதல் இயக்குநர், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ராஜ் ரெட்டி. அங்கே டீன் பாமர்லோ 1989இல் வெளியிட்ட ‘ஆல்வின்’ நரம்பு வலையமைப்பு, எடுத்துக்காட்டுகளிலிருந்தே ஸ்டீயரிங்கைத் திருப்பக் கற்றது. 1995இல் அவர் உருவாக்கிய ‘ரால்ஃப்’, பிட்ஸ்பர்கிலிருந்து சான் டியாகோவரை சுமார் 98 சதவீதத் தொலைவுக்கு ஸ்டீயரிங்கைக் கையாண்டது. பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் மனிதர் வசம் இருந்தன. லேன் கோடு மங்கிய இடத்தில், நடுவே படிந்த எண்ணெய்க் கறையைக்கூட அது பின்பற்றும். ஆனாலும் சாலையோடு ஒட்டி நீளும் ஏதாவது ஒன்று அதற்கு வேண்டியிருந்தது.

வரைபடம்

அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டார்பா தானியங்கி வண்டிகளுக்காகப் பாலைவனத்தில் 2004இல் நடத்திய போட்டியில் ஒரு வண்டியும் இலக்கைத் தொடவில்லை. 2005இல் ஐந்து தொட்டன. 2007இல் நகரச் சாலை மாதிரியில் நடந்த போட்டியில் கார்னெகி மெலனின் ‘பாஸ்’ வென்றது. லேசர் துடிப்பு திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளக்கும் லைடாரும், முன்பே தயாரித்த நுண்வரைபடமும் இப்போது துணைக்கு வந்தன. ஆனால் கேமராப் பார்வையைப் பழக்க 2016இல் வெளியான ‘சிட்டிஸ்கேப்ஸ்’ பயிற்சித் தொகுப்பின் நுணுக்கமாகக் குறியிட்ட 5,000 படங்களும் பெரும்பாலும் ஜெர்மன் நகரங்களைச் சேர்ந்தவை. அவற்றில் பழகிய கண்ணுக்குச் சாலை என்பது நடைபாதைக் கல்லோடு முடிந்துவிடும்.

மண் ஓரம்

ஹைதராபாத் ஐஐஐடி ஆய்வாளர்கள் இன்டெல்லுடன் இணைந்து உருவாக்கி 2019இல் ஆய்வுக் கட்டுரையாக முன்வைத்த இந்திய ஓட்டுநர் தரவுத்தொகுப்பு இந்த எல்லையைத் தாண்டியது. ஹைதராபாத், பெங்களூரு, அவற்றின் புறநகர்கள் ஆகியவற்றில் 182 ஓட்டங்களில் எடுத்த 10,004 படங்கள், 34 வகைகள். ஆட்டோவுக்குத் தனி வகை கிடைத்தது. அதைவிட முக்கியமானது, தாருக்கு வெளியே இருந்தாலும் வண்டி இறங்கக்கூடிய நிலத்துக்குத் தனிப் பெயர் கிடைத்ததுதான். அன்றைய முன்னணி முறைகள் இந்தப் படங்களில், சிட்டிஸ்கேப்ஸில் பெற்றதைவிட மிகக் குறைந்த துல்லியமே பெற்றன.

முடிவுரை

கோடு போட்ட சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் முதல் கட்டத்தின் அறிவே நெடுந்தூரம் செல்லும். கலவைச் சாலைக்கு மூன்றாம் கட்டமும் போதாது: நேற்று இறங்க முடிந்த ஓரம் மழைக்குப் பின் சேறாகும், எதிரே வருபவர் ஒதுங்குவாரா என்பதையும் கணிக்க வேண்டும். ஓட்டுநர்களின் வேலை பறிபோகும் என்று கூறி, தானியங்கி கார்களை அனுமதிக்க முடியாது என்றார் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி, 2023இல். அந்தக் கொள்கை நாளை மாறினாலும், ஒரு காரின் தகுதியை நெடுஞ்சாலையில் மட்டும் சோதித்துச் சான்றளிப்பது கோட்டையே சாலை என்று கொண்ட, இந்த வரலாற்றின் முதல் பிழையைத் திரும்பச் செய்வதாகும்.